பெயரை மறைக்காமல் விற்பது



மறைந்த நம் தோழரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய துணிப்பை. கூட்டம் எங்கே நடந்தாலும் வாசலில் துண்டை விரித்துப் புத்தகங்களை அடுக்கிவிடுவார். எழுதுவதைப் போலவே விற்பதும் இயக்க வேலைதான் என்பது அவர் கொள்கை. அதனால் இந்த ஆண்டு நினைவுரைக்கு விற்பனையையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இன்று ஊர் ஊராகச் சந்தைப்படுத்தல் பயிற்சி நடக்கிறது. சிறு விவசாயிகள், கூடை முடைவோர், செருப்புத் தைப்போர், மகளிர் குழுவினர் என்று பலரையும் உட்காரவைத்து, தரம் பிரிப்பது, பாக்கெட் போடுவது, விலை வைப்பது, லேபிள் ஒட்டுவது, கைப்பேசி வழியாக விற்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூடை முடையும் பெண் மூங்கில் வாங்கிய காசை மட்டும் கணக்கில் வைக்கிறார். மூங்கிலைப் பிளந்து, சீவி, முடைந்த நாளுக்குக் கூலி போடுவதில்லை. உன் உழைப்புக்கும் விலை உண்டு என்று அவருக்குச் சொல்லித் தருவது அரசியல் கல்வியேதான்.

அப்படியொரு பயிற்சியில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். வாங்குபவரை அறிந்துகொள்ளுங்கள் என்பது முதல் பாடம். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து, "எங்க கையால போட்ட ஊறுகாயை ஊருக்குள்ள யாரு சார் வாங்குவாங்க?" என்று கேட்டார். பயிற்சியாளர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, லேபிளில் காலனி என்று போடாமல் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள், டவுனில் போய் விற்றுப் பாருங்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் இருந்த பதில் மறைத்துக்கொள் என்பது மட்டும்தான்.

இது ஒரு அக்காவின் பிரச்சினை அல்ல. சுக்தேவ் தோரட், கன்ஷியாம் ஷா உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து 2006இல் நூலாக வெளியிட்டார்கள். சுமார் 35 சதவீதக் கிராமங்களில் தலித்துகள் உள்ளூர்ச் சந்தையில் தங்கள் விளைபொருளை விற்க முடியவில்லை. ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியவில்லை. நாற்று நட, களை பறிக்க, அறுத்துக் கட்டுக் கட்ட நம் கை வேண்டும். அதே கை தன் பொருளைத் தராசில் வைத்தால் மட்டும் தீட்டு வந்துவிடுகிறது. கூலியாக இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளும் ஊர், நாம் வியாபாரியாகி எதிரே உட்கார்ந்தால் பொறுப்பதில்லை.

பெயரை மறைப்பது நம் முன்னோர் காட்டிய வழி அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்து விற்றார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்தார். கூலிக்காரனும் வாங்கலாம் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது. இதைவிட நல்ல விற்பனைப் பாடம் எந்தக் கையேட்டில் இருக்கிறது? நம் காலத்தில் சந்திர பான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரில் ஊறுகாயும் மசாலாவும் விற்கத் தொடங்கினார். மும்பையில் சுதீர் ராஜ்பர், 2015 மாட்டிறைச்சித் தடையால் தொழில் நொடித்த தோல் கலைஞர்களுடன் சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்து 'சமார் ஸ்டுடியோ' என்ற பெயரில் விற்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவை பெருநகரத்தில் நடப்பவை. ஊருக்குள் இருக்கும் அக்காவிடம், நீயும் துணிந்து பெயரைப் போடு என்று சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறிவிட முடியாது. துணிச்சலுக்குத் துணை வேண்டும். பயிற்சியிலேயே அது இருக்க வேண்டும்.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 கொள்முதல் கொள்கை சொல்கிறது. தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். லேபிள் ஒட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் இவற்றையும் கற்றுக்கொடுக்கட்டும். கற்றுக்கொடுக்காவிட்டால் நாம் போய்ச் சொல்வோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊர் வாரச்சந்தைக்குப் போங்கள். யார் நிழலில் கடை போட்டிருக்கிறார், யார் வெயிலில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், யாருடைய பாலைச் சங்கம் வாங்குகிறது, யாருடையதைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்து எழுதுங்கள். எழுதியதை அச்சிடுவோம், துண்டை விரித்து விற்போம். அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பயிற்சியாளரிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.