வானூர்தித் தரைப்பணியாளர் சாவு: ஊழா? பிழையா?

(உழைப்பாளர் நாள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



வானூர்தி என்றதும் மாந்தர் கண் மேல்நோக்கியே செல்கின்றது. அது வானில் பறப்பதைக் கண்டு வியக்கிறார்கள். அதனை ஓட்டுவோரைப் பாராட்டுகிறார்கள். அதில் ஏறி இறங்குவோரை மதிக்கிறார்கள். ஆனால், அது தரையைத் தொட்டு வந்து நின்றவுடன் அதன் வயிற்றடியில் ஓடிச்சென்று உருளிகளுக்கு முட்டுக்கட்டை இடுவோரையும், மூட்டை முடிச்சுகளை முதுகு நோக இறக்கி ஏற்றுவோரையும், கூம்புகளை வைத்து எல்லை காட்டுவோரையும், இழுவை வண்டியால் வானூர்தியைப் பின்தள்ளுவோரையும் எவர் கண்ணும் நோக்குவதில்லை. வெயிலில் வேகிறார்கள், மழையில் நனைகிறார்கள், காது செவிடாகும் இரைச்சலில் நாள் முழுதும் நிற்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இறந்துபட்டால் மட்டுமே செய்தித்தாளின் ஒரு மூலையில் நான்கு வரி வருகின்றது. மறுநாள் அந்த நான்கு வரியும் மறைந்துபோகின்றது.

அத்தகைய சாவு ஒன்றைப் பற்றியும், அதற்குப்பின் ஊரும் உலகும் சொல்லும் ஒற்றைச் சொல்லைப் பற்றியும் இன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த ஒற்றைச் சொல் 'விதி' என்பதாகும்.

'விதி' என்னும் வடசொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒன்று, மாந்தன் கையில் இல்லாத ஊழ். மற்றொன்று, மாந்தனே வகுத்துக்கொண்ட ஒழுங்குநெறி. ஓர் உழைப்பாளி வேலையிடத்தில் மாண்டால் அழுது நிற்கும் உறவினர், "எல்லாம் விதி" என்கின்றனர். வேலை கொடுத்தவரோ, "விதியை மீறினான், மாண்டான்" என்கின்றனர். சொல் ஒன்றே, பொருள் இரண்டு. ஆயினும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. உசாவலை அத்துடன் முடித்துவிடுவதே அவ்வேலை. தமிழிலோ ஊழ் வேறு, நெறி வேறு. இரண்டையும் பிரித்துப் பேசும்போதுதான் மூன்றாவதாக ஒன்று கண்ணுக்குத் தெரிகின்றது. ஊழுமன்றி, உழைப்பாளியின் நெறிமீறல் மட்டுமுமன்றி, வேலையை அமைத்த முறையிலேயே உள்ள பிழைதான் அது. நடந்ததைப் பாருங்கள்.

2022 ஆம் ஆண்டின் இறுதி நாள், திசம்பர் 31. அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. 1955 ஆம் ஆண்டின் இறுதியில் கருப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கி, 381 நாள் நடந்தே சென்று தம் உரிமையை வென்றார்களே, அதே ஊர். அன்று பிற்பகல், தல்லாசிலிருந்து வந்த எம்பிரேயர் 170 வகை வானூர்தி ஒன்று அவ்வூர் நிலையத்தில் தனக்குரிய நிறுத்திடத்தில் வந்து நின்றது. பயணியர் எவருக்கும் ஊறு இல்லை. ஆனால் அடுத்த சில மணித்துளிகளில், தரைப்பணியாளராகிய பெண்மணி ஒருவர், சுழன்றுகொண்டிருந்த இடப்புறப் பொறியால் உள்ளிழுக்கப்பட்டு மாண்டார்.

இது எவ்வாறு நேர்ந்தது? அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட தொடக்க அறிக்கை அதனைப் படிப்படியாகச் சொல்கின்றது.

பெரிய பொறிகளை நிறுத்திய பின்னும் வானூர்திக்குள் மின்னாற்றல் வேண்டும். அதற்கென வால்பகுதியில் சிறிய துணைப்பொறி ஒன்று இருக்கும். அன்று அந்த வானூர்தியில் அத்துணைப்பொறி பழுதாகியிருந்தது. அதனால், தரையிலிருந்து மின்கம்பியை இணைக்கும்வரை பெரிய பொறிகளுள் ஒன்றேனும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அன்றியும், சூடேறிய பொறிகள் ஆறுவதற்கென இரண்டு மணித்துளி அவற்றை ஓடவிடுவதும் முறை. ஆகவே, வானூர்தி நின்றுவிட்டது, பொறியோ நிற்கவில்லை. நாள்தோறும் காணும் காட்சியும் அன்றைய காட்சியும் கண்ணுக்கு ஒன்றே; உள்ளிருந்த இடர் மட்டுமே வேறு.

இச்செய்தி தரைப்பணியாளருக்குத் தெரியாதா? தெரியும். வானூர்தி வருவதற்கு ஏறத்தாழப் பத்து மணித்துளிக்கு முன் அவர்கள் ஒன்றுகூடிப் பேசினர். வந்து சேர்வதற்குச் சற்று முன் மீண்டும் கூடினர். மின்இணைப்புக் கொடுக்கும்வரை பொறிகள் ஓடும் என்பதும், பொறிகள் முற்றும் நின்று, வானூர்தியின் மேலுள்ள சுழல்விளக்கு அணையும்வரை எவரும் அருகில் செல்லவோ கூம்புகளை வைக்கவோ கூடாது என்பதும் இருமுறையும் சொல்லப்பட்டன. அவர்களுக்குரிய கையேட்டிலும் அந்நெறி எழுதப்பட்டிருந்தது. உள்ளிழுக்கும் எல்லை 15 அடி என்பதும், பொறியை நிறுத்திய பின்னும் அதன் சுழற்சி அடங்க 30 முதல் 60 நொடி ஆகலாம் என்பதும் அதில் இருந்தன.

இருந்தும் என்ன நேர்ந்தது? வானூர்தி நின்றவுடன் வேலை தொடங்கிவிட்டது. மின்கம்பியை இணைக்குமாறு வானோடித் தலைவர் கைக்குறி காட்டினார். வலப்பொறியை அவர் நிறுத்திக்கொண்டிருந்த வேளையில், முன்புறச் சரக்கறைக் கதவு திறக்கப்பட்டதாக அவர்முன் அறிவிப்பு எழுந்தது. பொறி இன்னும் ஓடுகின்றது என்று சொல்வதற்காகத் துணைவானோடி பலகணியைத் திறந்தார். கீழே உடன்பணியாளர் ஒருவர், அப்பெண்மணி பின்புறத்தில் பொறியின் வெளிக்காற்றால் நிலைதடுமாறியதைக் கண்டு, விலகி நிற்குமாறு எச்சரித்தார். அவரும் விலகத் தொடங்கினார். ஆனால், கையில் கூம்புடன் இறக்கையைச் சுற்றிவந்த அவர், சற்று நேரத்தில் இடப்பொறியின் முன்புறத்தை அடைந்தார். வானூர்தி அதிர்ந்தது. பொறி தானே நின்றது. கண்காணிப்புப் படக்கருவியின் பதிவில், அவ்வளவு நேரமும் மேலே அந்தச் சுழல்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தோழர்களே! "இருமுறை சொன்னார்கள், எழுதியும் வைத்தார்கள், விளக்கும் எரிந்தது, அதற்குமேல் என்ன செய்ய முடியும்?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைப் புறக்கணித்தல் முறையன்று. விடை கூறியே ஆகவேண்டும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது தமிழர் பழமொழி. இடர் வருமுன் அதன் அறிகுறி வரவேண்டும்; வந்தால் மாந்தன் ஒதுங்கிக்கொள்வான். ஆனால் வானூர்தி நிறுத்திடத்தில் மணியோசை எங்கே கேட்கும்? எங்கும் இரைச்சல். காதைக் காக்க அடைப்பான் அணிந்திருப்பர். உடன்பணியாளர் கூவினாலும் செவியில் ஏறாது. ஒரு பொறி ஓய, மறுபொறி ஓடும்போது எது ஓய்ந்தது, எது ஓடுகின்றது என்பதை ஒலியால் மட்டும் பிரித்தறிய இயலுமா? பின்புறம் வீசும் காற்று மாந்தனைத் தள்ளும், தள்ளுவதால் உணர்த்தும். முன்புறம் இழுக்கும் காற்றோ நெருங்கும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. அந்தப் 15 அடி எல்லையோ கண்ணுக்குத் தெரியாதது. கூம்பை வைக்கச் சென்றவரே அந்த எல்லைக்குள் மாண்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கின்றதன்றோ?

ஆயிரம் முறை ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் செய்த கையும் காலும், ஆயிரத்தொன்றாம் முறையும் அதே ஒழுங்கில் இயங்கும். அது சோம்பலன்று, பணிவின்மையுமன்று, உழைப்பின் பழக்கம். வானூர்தி நின்றால் கூம்பு வைக்கவேண்டும் என்பது அப்பழக்கம். பழுதுற்ற வானூர்தி வரும் நாளில் அப்பழக்கத்துக்கு எதிராக நிற்பது என்ன? பத்து மணித்துளிக்கு முன் சொல்லப்பட்ட சொல் மட்டுமே. நினைவை மட்டும் நம்பி உயிரைக் காக்க இயலாது. இழுப்பெல்லைக்கு வெளியே ஒருவரை நிறுத்தி, அவர் கைகாட்டும்வரை எவரும் ஓரடியும் எடுத்துவைக்காமல் தடுப்பதே காப்பாகும். அத்தகைய நாளில் மின்கம்பி இணைப்பவர் தவிரப் பிறர் கையில் கூம்போ கட்டையோ இல்லாதவாறு செய்வதே காப்பாகும். துணைப்பொறி பழுதான வானூர்தியை முன்னரே சீர்செய்வது அவை எல்லாவற்றினும் சிறந்த காப்பாகும்.

உழைப்பாளி நெறி தவறுவதே இத்தகைய சாவுகளுக்கெல்லாம் கரணியம் எனின், மும்பையில் நேர்ந்ததற்கு என்ன விடை? 2015 ஆம் ஆண்டு திசம்பர் 16 ஆம் நாள் இரவு, ஐதராபாத்துக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியா வானூர்தி ஒன்று இழுவை வண்டியால் பின்தள்ளப்பட்டது. தரையில் நின்று பணி செய்த தொழில்நுட்பப் பணியாளர் விலகிச் செல்லுமுன்பே வானூர்தி முன்னோக்கி நகரத் தொடங்கியது. அவர் பொறிக்குள் இழுக்கப்பட்டு மாண்டார். அங்கே அவர் பொறியை நாடிச் செல்லவில்லை. பொறிதான் அவரை நாடி வந்தது. "வழி சரி" என்னும் கைக்குறி கீழிருந்து வந்த பின்னரே வானூர்தி நகரவேண்டும் என்னும் நெறி மேலே அமர்ந்திருந்தோருக்கு உரியது. கீழே நின்றவர் செய்த பிழை யாது?

2019 ஆம் ஆண்டு சூலை 10 ஆம் நாள், நள்ளிரவு கடந்த பொழுதில், கொல்கத்தா நிலையத்தில் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் வானூர்தியின் உருளிக்கால் அறைக்குள் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். நீர்ம அழுத்தத்தால் இயங்கும் அதன் கதவுகள் மூடிக்கொண்டன. இடையில் சிக்கி அவர் மாண்டார். ஆள் உள்ளே இருக்கும்போது கதவு மூட இயலாதவாறு பூட்டி வைக்கும் தடைமுறை ஒன்றே அங்கு உயிருக்குக் காவல். அக்காவலைக் கைவிட்டுவிட்டு, "விழிப்பாக இருந்திருக்கலாம்" என்று இறந்தவரை நோக்கிச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

மூன்று ஊர், மூன்று வகை வானூர்தி, மூன்று வகை வேலை. மூன்றிலும் ஒன்று பொதுவாக இருக்கின்றது. உயிருக்கும் சாவுக்கும் இடையில் ஒரேயொரு மெல்லிய வேலிதான் இருந்தது. அவ்வேலி ஒரு மாந்தனின் நினைவாகவோ ஒரு கைக்குறியாகவோ இருந்தது. அது அறுந்த நொடியில் இரண்டாவது வேலி இல்லை. இரண்டாவது வேலியைக் கட்டவேண்டியவர் கூலி பெறுபவர் அல்லர், கூலி கொடுப்பவரே.

மாண்ட்கோமரி நேர்ச்சிக்குப்பின் அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை உசாவியது. சாவோ கடும்ஊறோ விளைவிக்கக்கூடிய, முன்னரே அறியப்பட்ட இடரிலிருந்து உழைப்பாளரைக் காக்கத் தவறியதாகப் பணியமர்த்திய பீட்மாண்ட் நிறுவனத்தின்மேல் 2023 ஆம் ஆண்டு குற்றம் சாற்றியது. விதித்த தண்டம் எவ்வளவு? 15,625 டாலர். அற்றை நாள் மதிப்பில் ஏறத்தாழ 12,80,000 உருபா. இத்தகைய ஒரு கடுங்குற்றத்திற்கு அவ்வாண்டில் அந்நாட்டுச் சட்டம் இசைந்த மேல்வரம்பே அவ்வளவுதான்! பல கோடி மதிப்புள்ள வானூர்திகளை ஓட்டும் தொழிலில் இத்தொகை ஒரு பொருட்டாகுமா? காப்புக்குச் செலவிடுவதினும் தண்டம் கட்டுவது மலிவு என்று எவரும் கணக்கிடும் நிலையை ஒரு சட்டம் விட்டுவைக்கலாமா?

மொழிபற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இந்திய நாட்டில் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சாலையில் வைக்கப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், உழைப்பாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று வகுத்திருந்தது. அறிவிப்புப் பலகை அறியாத மொழியில் இருப்பின் அது பலகையே அன்று, வெறும் தகரம். தமிழ் பேசுவோர் உழைக்கும் இடத்தில் இடரைத் தமிழில் சொல்லாதிருப்பது மொழிக்குச் செய்யும் தீங்கு மட்டுமன்று. உயிருக்குச் செய்யும் தீங்குமாகும். ஆயினும், மாண்ட்கோமரியில் சொல்லப்பட்டது அவர்கள் நாள்தோறும் பேசிய மொழியிலேதான் என்பதையும் மறத்தல் கூடாது. தாய்மொழியில் எச்சரித்தல் முதற்படி; அதுவே முடிந்த படி அன்று. அறிவிப்பைத் தமிழில் எழுதி ஒட்டிவிட்டுத் தம் கடன் முடிந்தது என்று கைகழுவும் முதலாளிக்கும் இது பொருந்தும்.

ஆகவே, உழைப்போர் கேட்கவேண்டுவன இவை. ஓடும் பொறியின் அருகே தனியொருவர் முடிவால் எவரும் செல்லாதவாறு ஒரு காவலர் நிற்கவேண்டும். வேலையைக் கடிகாரம் விரட்டக்கூடாது. ஆள் குறைத்து நேரம் மிச்சம் பிடித்தல் கூடாது. இடர் கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை கடைநிலைப் பணியாளருக்கும் வேண்டும். நிறுத்தியதற்காக அவரை ஒறுத்தல் கூடாது. ஒருவர் மாண்டபின், "யார் மீறினார்?" என்பதோடு நில்லாமல், "மீற இயலும்படி ஏன் இருந்தது?" என்றும் உசாவல் கேட்கவேண்டும். தண்டம், கட்டுவோருக்கு உறைக்கும்படி இருத்தல் வேண்டும்.

இவை வானூர்தித் திடலுக்கு மட்டும் உரியன அல்ல. வெடிப்பட்டறை, கட்டுமானச் சாரம், கழிவுநீர்க் குழி என எங்கே உழைப்பவர் மாண்டாலும் 'விதி' என்னும் அதே சொல் முன்வந்து நிற்கும். அச்சொல்லைக் கேட்கும் பொழுதெல்லாம் ஒன்று கேளுங்கள்: ஊழைச் சொல்கின்றீரா? நெறியைச் சொல்கின்றீரா? ஊழ் எனின், இரண்டாவது வேலி கட்டியிருந்தால் அவ்வூழ் எங்கே போயிருக்கும்? நெறி எனின், அந்நெறியைக் காக்கும் கடமை இறந்தவருக்கு மட்டுமா இருந்தது?

இவ்விரு கேள்விக்கும் விடை கிடைக்கும்வரை எந்த உசாவலும் முடிந்ததாகாது. உழைப்பவர் காலையில் எவ்வாறு வீட்டிலிருந்து புறப்பட்டாரோ அவ்வாறே மாலையில் வீடு திரும்புதல் அவர்தம் முதல் உரிமை. அவ்வுரிமை வெல்க!