மட்டாஞ்சேரி: சுமை தூக்கியவர்களின் ஊர்



நீங்கள் ரசத்தில் போடும் மிளகு எங்கெல்லாம் போயிருக்கிறது, தெரியுமா? அரபு நாடுகளுக்குப் போயிருக்கிறது. ஐரோப்பாவுக்கும் போயிருக்கிறது. அப்படி மிளகு கப்பல் ஏறிய ஊர்களில் ஒன்றுதான் மட்டாஞ்சேரி.

மட்டாஞ்சேரி கேரளத்தில் இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டம், கொச்சி மாநகரின் ஒரு பகுதி. சிறிய இடம்தான். ஓரமாகக் காயல் ஓடுகிறது. காயல் என்றால் கடலோடு சேர்ந்த உப்பு நீர்ப்பரப்பு. அதன் கரையில் கடைத்தெரு. தெருவின் இருபுறமும் பழைய பண்டகசாலைகள். காயல் பக்கம் உள்ள பண்டகசாலைகளுக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் தெருவுக்கு. இன்னொரு வாசல் தண்ணீருக்கு. படகில் வந்த சரக்கு ஒரு வாசலில் ஏறும். மறு வாசலில் இறங்கும்.

மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள். இவற்றைத் தேடிப் பல நாட்டார் வந்தார்கள். 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் இங்கே கொச்சி அரசருக்கு ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். இன்று அதன் பெயர் டச்சு அரண்மனை. கட்டியவர் ஒருவர், பெயர் வேறொருவருக்கு!

அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களின் ஜெபக்கூடம் இருக்கிறது. 1568 இல் கட்டியது. அதன் தரையில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கோவாவில் போர்ச்சுகீசியரின் கொடுமைக்குப் பயந்து கொங்கணி பேசுவோர் வந்தார்கள். குஜராத்திலிருந்து வணிகர்கள் வந்தார்கள். கச்சு நாட்டு முஸ்லிம்கள் வந்தார்கள். தமிழரும் வந்தார்கள். பக்கத்தில் உள்ள கொச்சிக் கோட்டையில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பட்டாளத்தாரின் துணி வெளுக்க அவர்களின் முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள்.

கோயில், மசூதி, தேவாலயம், ஜைனக் கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே தெருவில் நாலைந்து மொழி கேட்கும்.

அரசர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பெரிய வணிகர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் அந்த மிளகு மூட்டைகளை முதுகில் சுமந்தவர் யார்? அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?

இனி அவர்களின் கதையைக் கேளுங்கள்.

கொச்சித் துறைமுகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அதற்குச் 'சாப்பா' என்று பெயர். சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. காலையில் வேலை தேடி ஆட்கள் கூடுவார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் வருவான். கூட்டத்தின் நடுவே வில்லைகளை வீசி எறிவான். வில்லையைப் பிடித்தவருக்கு அன்று வேலை உண்டு. பிடிக்காதவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும்.

வில்லைகள் கொஞ்சம். ஆட்களோ அதிகம். தள்ளுமுள்ளு நடக்கும். அடிதடி நடக்கும். பக்கத்து வீட்டுக்காரனே எதிரியாவான். அந்த வில்லையில் ஆளின் பெயர் கிடையாது. நேற்று உழைத்தவருக்கு இன்று வேலை கேட்க உரிமை கிடையாது.

தொழிலாளர்கள் யோசித்தார்கள். "நாம் ஏன் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டும்? வில்லையை வீசுகிறவனை அல்லவா கேட்க வேண்டும்?" என்று பேசிக்கொண்டார்கள். சங்கமாகச் சேர்ந்தார்கள். சாப்பா வேண்டாம், முறையாக வேலை கொடு என்று கேட்டார்கள். 1953 இல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். சைது, சைதலவி என்ற இரு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தோணி என்ற தொழிலாளியும் அந்தப் போராட்டத்தில் உயிர் இழந்தார். ஒரே வேலையைச் செய்தவர்கள், ஒரே கோரிக்கைக்காக உயிர் கொடுத்தார்கள். அங்கே மதம் குறுக்கே நிற்கவில்லை.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1948 லேயே வந்திருந்தது. அதன்படி கொச்சியிலும் தொழிலாளர் வாரியம் அமைந்தது. தொழிலாளரின் பெயர் பதிவேட்டில் ஏறியது. முறை வைத்து வேலை கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் சாப்பா ஒழிந்தது. வில்லை போயிற்று, பெயர் வந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதல் மாவட்டம் அதுதான். மட்டாஞ்சேரியும் அதில் சேர்ந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? அதைப் படிக்கவும் தெரிய வேண்டும் அல்லவா?

இன்று மட்டாஞ்சேரி மாறிவிட்டது. சரக்கு பெரிய இரும்புப் பெட்டிகளில் வருகிறது. அவற்றை எந்திரம் தூக்குகிறது. 2011 இல் பக்கத்துத் தீவான வல்லார்பாடத்தில் இதற்கென்று புதிய துறை திறந்தார்கள். சுமை தூக்கும் வேலை குறைந்தது. யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் நாட்டுக்குப் போய்விட்டார்கள். பழைய பண்டகசாலைகள் சில, கலைப்பொருள் கடைகளாகிவிட்டன. வெளிநாட்டார் வந்து பார்க்கிறார்கள். ஆனாலும் கடைத்தெருவில் இன்னும் சுக்கு வாசனை வீசுகிறது. சிறிய வீடுகளில் நெருக்கமாக வாழும் உழைப்பாளிக் குடும்பங்களும் இருக்கின்றன.

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கட்டும். நீல ஓடுகளையும் பார்க்கட்டும். அப்படியே அந்த மூவரின் பெயரையும் ஒரு முறை சொல்லட்டும்.

நீங்களும் கூலி வாங்கும்போது பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா? நாள் கணக்குச் சரியா? தொகை சரியா? படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கலந்து பேசுங்கள்:
1. சாப்பா முறையால் தொழிலாளருக்கு என்ன கெடுதல் வந்தது?
2. பதிவேட்டில் பெயர் ஏறியதால் என்ன நன்மை கிடைத்தது?
3. உங்கள் ஊரில் வேலையை யார், எப்படிப் பங்கிட்டுத் தருகிறார்கள்?