பற்றாக்குறை மறைவதில்லை

(திருப்பதியில் பொருளியல் மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)



அரசின் பற்றாக்குறையைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். தில்லியில் பிப்ரவரி மாதத்தில் வாசிக்கப்படும் எண்களிலிருந்து இப்பொருளைத் தொடங்குவது வழக்கம். நான் சித்தூரில் எங்கள் தெருவிலிருந்த நியாய விலைக் கடையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

1983-ஆம் ஆண்டில் நான் பள்ளி மாணவன். அவ்வாண்டு முதலமைச்சரான திரு என். டி. ராமாராவ், கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் இதே திருப்பதித் தொகுதியிலும் வென்றிருந்தார். ஆளுக்கு 5 கிலோ, குடும்பத்திற்கு 25 கிலோ என்பது உச்சவரம்பு. பையுடன் வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். மாதந்தோறும் மளிகைக் கடை நோட்டில் ஏறிக்கொண்டே போன எங்கள் வீட்டுக் கடன், அவ்வாண்டில்தான் முதன்முறையாக இறங்கியது. நம்ப முடியாமல் என் தாயார் அந்தக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். ஆகவே, மானியம் என்றாலே வீண்செலவு என்று ஒதுக்கிவிட என்னால் இயலாது. ஆனால், எங்கள் நோட்டில் இறங்கிய தொகை ஐதராபாத்தில் வேறொரு நோட்டில் ஏறியது என்பதும் உண்மையே. அந்த இரண்டாவது நோட்டைப் பற்றியதே இன்றைய பேச்சு.

வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை என்னும் இரு சொற்களை நீங்கள் படித்திருப்பீர்கள். சம்பளம், வட்டி, மானியம் போன்ற நடைமுறைச் செலவுகள் வருவாயை மிஞ்சினால் அது வருவாய்ப் பற்றாக்குறை. மொத்தச் செலவுக்கும் கடன் நீங்கலான வரவுகளுக்கும் உள்ள இடைவெளி நிதிப் பற்றாக்குறை. அதாவது, அவ்வாண்டில் அரசு வாங்கவேண்டிய கடன். நம் பக்கத்து உழவர் ஒருவர் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கடன் வாங்குகிறார். கங்கம்மா ஜாத்திரைக்கு வரும் உறவினரை உபசரிக்கவும் கடன் வாங்குகிறார். இரண்டாவதும் வேண்டாத செலவன்று. ஊரில் வாழ்பவருக்கு அது கடமை. ஆயினும், தண்ணீர் கிடைத்துவிட்டால் முதற்கடனைத் தோட்டமே அடைக்கும். இரண்டாவது கடனை அடுத்த விளைச்சல் சுமக்கவேண்டும். அரசுக்கும் இதே விதிதான்.

மத்திய அரசுக்கு நெடுங்காலம் ஓர் எளிய வழி இருந்தது. அதன் கையிருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், ரிசர்வ் வங்கி தற்காலிகக் கருவூல உண்டியல்களைப் பெற்றுக்கொண்டு தானாகவே பணம் வழங்கும். 1955 முதல் நிலவிய இந்த ஏற்பாடு 1997 ஏப்ரலில் கைவிடப்பட்டது. அதுவரை அவ்வாறு புதிதாகப் புழக்கத்திற்கு வந்த பணத்தின் சுமையில் ஒரு பகுதியைச் சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசி விலையேற்றமாகச் செலுத்தினார். மாநிலங்களுக்கு இவ்வழி என்றுமே இருந்ததில்லை. மத்திய அரசுக்குக் கடன்பட்டுள்ள மாநிலம் மேலும் கடன் வாங்க, அரசியல் சட்டத்தின் 293-ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் இசைவைப் பெறவேண்டும்.

இந்த நெருக்கடி எப்படி வெளிப்படும் என்பதற்கு ஆந்திரத்தின் தொண்ணூறுகளே சான்று. 1992-இல் அரிசி விலை கிலோ 3 ரூபாய் 50 காசாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். இயக்கம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 அக்டோபரில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1994 இறுதியில் மீண்டும் ஆட்சிக்கு வந்த திரு ராமாராவ் அரிசியை 2 ரூபாய்க்குக் கொணர்ந்தார். 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கையும் நடைமுறைப்படுத்தினார். இரண்டும் நல்ல நோக்கங்கள். ஆனால், ஒன்று செலவைக் கூட்டியது. மற்றொன்று வரவைக் குறைத்தது. இழந்த வருவாய்க்குப் போதிய ஈடு கிடைக்கவில்லை.

1995 செப்டம்பரில் முதலமைச்சரான திரு நா. சந்திரபாபு நாயுடு இம்மண்ணைச் சேர்ந்தவர். இங்குள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலை பயின்றவர். 1996-இல் அவர் அரசு மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அரிசி விலை மறுபடியும் 3 ரூபாய் 50 காசாயிற்று. 1997-இல் மதுவிலக்கும் தளர்த்தப்பட்டது. அரிசி வாங்க வரிசையில் நின்றவர்களும், மதுவுக்கு எதிராகப் போராடியவர்களும் பெரும்பாலும் அதே ஏழைப் பெண்களே. பெற்ற இரண்டையும் அவர்கள் சில ஆண்டுகளிலேயே இழந்தார்கள். யார் மீது குற்றம் என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. வரவு காட்டாமல் அளிக்கப்படும் வாக்குறுதி, அதை மிகவும் நம்பியிருப்பவரையே முதலில் கைவிடுகிறது என்பதே நான் கண்ட பாடம்.

இது மாநிலங்களுக்கு மட்டுமே உரிய குறை எனக் கருதவேண்டாம். நான் பணிபுரியும் மத்திய அரசும் இதற்கு விலக்கன்று. 2016-17 முதல் சில ஆண்டுகள் உணவு மானியத்தின் ஒரு பகுதி வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படாமல், இந்திய உணவுக் கழகத்திற்குச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடனாக வழங்கப்பட்டது. மானியம் நின்றுவிடவில்லை, பற்றாக்குறைக் கணக்கில்தான் அது காணப்படவில்லை. 2021 பிப்ரவரியில் இம்முறை கைவிடப்பட்டு, நிலுவைக் கடன் கணக்கிற்குள் கொண்டுவரப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் நிர்ணயித்த இலக்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம். 2020-21-இல் பற்றாக்குறையோ 9 சதவீதத்தைத் தாண்டியது. பெருந்தொற்றே அதற்கு முதற்காரணம். எனினும், மறைந்திருந்த செலவு வெளிவந்ததும் ஒரு காரணம். ஆகவே, எண் பெரிதாவதெல்லாம் சீர்கேடு அன்று. எண் சிறிதாக இருப்பதெல்லாம் சிக்கனமும் அன்று.

கிராமத்தில் சிறு பாலம் கட்டி முடித்த ஒப்பந்தக்காரரின் பட்டியல் பல மாதம் கருவூலத்தில் கிடந்தால், அதுவும் பற்றாக்குறையே. அவ்வேளையில் அரசுக்குக் கடன் கொடுப்பவர் அவர். அவருக்குக் கடன் கொடுப்பவர்கள் கூலிக்காகக் காத்திருக்கும் கொத்தனாரும் சித்தாளும். அவர்களுக்கு எந்த வட்டியும் கிடைப்பதில்லை.

2025-ஆம் ஆண்டுக் கோடையில் சித்தூர்ப் பகுதியின் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு முன் டிராக்டர்கள் நீண்ட வரிசையில் நின்றன. தோத்தாபுரி விலை வீழ்ந்தபோது, கிலோவுக்கு 12 ரூபாய் உழவருக்குக் கிடைக்கவேண்டும், அதில் 8 ரூபாய் ஆலைகளும் 4 ரூபாய் மாநில அரசும் தரவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. இத்தகைய உதவி தேவையா என்று விவாதிக்கலாம். ஆனால், யார் பங்கு எவ்வளவு என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. விவாதிப்பதற்கே அந்தத் தெளிவு வேண்டும்.

நாளை உங்களில் சிலர் அரசுப் பணிக்கு வருவீர்கள், அனைவரும் வாக்காளர்கள். ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதற்கான பணத்தைச் செலுத்துபவர் யார்? எப்போது செலுத்துவார்? அது எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது? விடை கிடைத்தால், ஏழைக்கு அரிசி கொடுப்பதற்காகக் கடன் வாங்குவதும் குற்றமாகாது. விடை கிடைக்காவிட்டால், பற்றாக்குறை எங்கோ ஒருவர் வீட்டு நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்த வீடு பெரும்பாலும் நியாய விலைக் கடை வரிசையில் நிற்பவருடையதாகவே இருக்கும்.