சட்டமும் மனச்சான்றும் நாமும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கொடியும் தோரணமும் கட்டிய நாளில் கருக்கலைப்பைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்டனர். ஐம்பது ஆண்டுகளாக நம் ஞானஸ்நானத் தொட்டியருகே வரவேற்ற குழந்தைகளுக்காக இன்று நன்றி கூறுகிறோம். நாம் வரவேற்கத் தவறிய குழந்தைகளையும் இன்று நினைப்பது பொருத்தமே.

முதலில் சட்டத்தை அறிவோம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. அதனால் கருக்கலைப்பு நிற்கவில்லை, மறைவிடத்திற்குச் சென்றது. பயிற்சியற்றோர் கையில் பெண்கள் மடிந்தனர். 1964-ல் அமைந்த சாந்திலால் ஷா குழு இதை ஆராய்ந்தது. அதன் பயனாக 1971-ல், குறிப்பிட்ட காரணங்களுக்காக, மருத்துவரின் ஒப்புதலுடன், 20 வாரம் வரை கருவைக் கலைக்கச் சட்டம் இடமளித்தது. 2021-ல் சில வகைப் பெண்களுக்கு இவ்வெல்லை 24 வாரமாயிற்று. 2022-ல் உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்றது.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபரில், இரு குழந்தைகளின் தாயான ஒருவர், பேறுகாலத்திற்குப் பிந்திய மனநோயால் வருந்துவதாகக் கூறி, 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். இரு நீதிபதிகள் இரு விதமாகக் கூறினர். பின்னர் மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. கற்றறிந்த நீதிபதிகளே தடுமாறும் இடம் இது. ஆகவே நம்மோடு ஒத்துப்போகாதவரெல்லாம் கல்நெஞ்சர் என்று எண்ணவேண்டாம். அவர்களுள் பலர் பெண்ணின் கண்ணீரைக் கண்டே பேசுகின்றனர்.

திருச்சபையின் போதனை தெளிவானது. கருவுற்ற நொடிமுதல் உயிர் காக்கப்படவேண்டும் என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது. ஆனால் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995-ல் எழுதிய சுற்றுமடலில் இன்னொன்றும் உண்டு. பழி தாயோடு நிற்பதில்லை. கைவிடும் தந்தையையும் நெருக்கும் குடும்பத்தையும் அது சேரும் என்றார் அவர்.

இங்கேதான் நம் மனச்சான்று நம்மைக் கேட்கிறது. மணமாகாத பெண்பிள்ளை ஒருத்தி கருவுற்றாள் என்று கேள்விப்பட்டபோது நாம் என்ன செய்தோம்? குழாயடியில் பேசினோம். பாடகர் குழுவில் அவளருகே நிற்க நம் பிள்ளைகளை விடவில்லை. ஒரு மாதத்திற்குள் அக்குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போயிற்று. அக்குழந்தை பிறந்ததா என்று கேட்கக்கூட நம்மில் ஒருவரும் போகவில்லை. அவள் அஞ்சியது சட்டத்திற்கு அன்று, நம் நாவிற்கு.

வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் மூன்றாவதும் பெண்ணா என்று பெருமூச்சு விடும் நம் வாயை எந்தச் சட்டம் தடுக்கும்? வரதட்சணை வாங்கும் கை, கருவைக் காக்கவேண்டும் என்று செபமாலை உருட்டினால் போதுமா?

எனவே இவ்விழா ஆண்டில் மூன்று காரியங்கள் செய்வோம். விழா நிதியில் ஒரு பங்கை, துணையற்ற கர்ப்பிணிகளின் மருத்துவச் செலவுக்கு ஒதுக்குவோம். மாதர் சங்கத்தார் இருவர், கேள்வி கேட்காமல் அவர்களுடன் மருத்துவமனைக்குச் செல்லட்டும். முன்பே கருவைக் கலைத்து மனம் புழுங்கும் சகோதரியைத் தீர்ப்பிடாதிருப்போம். அப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கியிருக்கிறார். கோவில் திறந்த கதவை நாம் அடைக்கலாமா?

மணமாகுமுன் கருவுற்ற மரியன்னையை ஊரார் முன் இழிவுபடுத்த மனமில்லாதிருந்தார் புனித சூசையப்பர். வானதூதரின் சொல்லை ஏற்று அவரை வீட்டிற்கு அழைத்துக்கொண்டார். அந்த வீட்டில்தான் நம் மீட்பர் வளர்ந்தார். நம் வீடுகளும் அப்படிப்பட்ட வீடுகளாகட்டும்.