வாக்குக்கண்



யாழ்ப்பாணத்து வழக்கில் 'வாக்குக்கண்' என்றொரு சொல் உண்டு. இரு கண்களும் ஒரே பொருளை நோக்காது, ஒன்று நேரே நிற்க மற்றையது மூக்கின் பக்கமாகவோ செவியின் பக்கமாகவோ விலகி நிற்கும் நிலையை அது குறிக்கும். இங்கே 'வாக்கு' என்பது பேச்சன்று. கோணல் என்பதே பொருள். இதனை 'மாறுகண்' எனவும் வழங்குவர். 'ஓரக்கண்ணால் பார்த்தான்' என்பதோ வேறு. அது ஒருவன் விரும்பிச் செய்யும் செயல். விரும்பியபோது விட்டுவிடவும் கூடும். வாக்குக்கண் விரும்பி வந்ததுமன்று. விரும்பிய மாத்திரத்தில் நீங்குவதுமன்று.

இச்சொல் கண்ணோடு நின்றுவிடின் தீங்கில்லை. ஊரார் அதனோடு ஆண்பால் விகுதியைச் சேர்த்து 'வாக்கன்' என்கின்றனர். உறுப்பின் குறை ஆளின் பெயராகிவிடுகிறது. பெற்றோர் ஆசையோடு இட்ட பெயரோ பாடசாலை இடாப்பில் மட்டும் கிடக்கிறது.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பெயராகிவிட்ட குறையை மாற்ற முடியாத இயல்பென எல்லாரும் எண்ணிவிடுகின்றனர். அதிர்ஷ்டத்தின் அடையாளம் என்று மகிழ்வோரும் உளர். மருத்துவ நூல் கூறுவது வேறு. கண்கள் இரு திசையை நோக்கும்போது மூளைக்கு இரு காட்சிகள் செல்கின்றன. குழந்தையின் மூளை குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு விலகிய கண்ணின் காட்சியை ஒதுக்குகிறது. நாளடைவில் அக்கண்ணின் பார்வையே மங்கிவிடுகிறது.

பிறந்த சில மாதங்களில் குழந்தையின் கண்கள் இடையிடையே விலகுதல் இயல்பு. நான்கைந்து மாதங்களின் பின்னரும் அது நீடிப்பின் கண் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவித்தல், நல்ல கண்ணைச் சில வேளை மூடி மற்றைக் கண்ணைப் பழக்குதல், கண்ணை அசைக்கும் தசைகளைச் சத்திரசிகிச்சையால் சீர்செய்தல் என வழிகள் பல உள. ஏழெட்டு வயதுக்கு முன்னர் தொடங்கினால் பயன் மிகுதி. வளர்ந்த பின்னரும் கண்ணை நேராக்கலாம். இழந்த பார்வையை முழுதும் மீட்டல் அரிது.

ஆதலின், 'வாக்குக்கண்' என்னும் சொல்லை வைத்தியரிடம் தயங்காது சொல்லுங்கள். பிள்ளையை மட்டும் அவனுக்கு இட்ட பெயராலேயே அழையுங்கள்.