பாசிக்கும் பருவம் உண்டு

நோன்புக் காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் சீனி போட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உறைய வைக்கும் கடற்பாசியைச் சுவைத்திருப்பீர்கள். அதை உறைய வைப்பது அகார். சிவப்புப் பாசிகளின் கலச்சுவரில் இருக்கும் காபோவைதரேற்று அது. நம் கடலில் வளரும் கிரசிலேரியா எடுலிஸ் என்ற கஞ்சிப்பாசியிலும் அகார் உண்டு. வெள்ளையர் இதைத்தான் 'சிலோன் மொஸ்' என்றார்கள்.

ஆனால் ஒரே பாசி ஆண்டு முழுவதும் ஒரே சரக்கல்ல. மார்கழி மழையில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் வந்து விழும்போது, மண்ணோடு நைதரசன் உப்புகளும் வருகின்றன. பொதுவாக, நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் பாசி அதைப் புரதமாகவும், பைக்கோஎரித்திரின் என்னும் சிவப்பு நிறமியாகவும் சேமிக்கும், நிறம் கருஞ்சிவப்பாகும். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் உரம் குறைந்து ஒளி மிகுந்தால், சேமித்த நிறமியையே கரைத்து உண்ணும். உடல் வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கும். அப்போது வளர்ச்சி குறையும், காபோவைதரேற்று கூடும். வெளுத்த பாசியைக் கெட்டுப்போனதென்று எறிவது பெரிய இழப்பு!

அகாரின் அளவு மட்டுமல்ல, தரமும் முக்கியம். அதில் கந்தகச் சேர்மமான சல்பேற்று கூடினால் கூழ் நன்றாக இறுகாது. அந்தச் சல்பேற்றைக் குறைக்கத்தான் தொழிற்சாலைகளில் இந்தப் பாசியை முதலில் காரக் கரைசலில் வேகவைக்கிறார்கள்.

பாசி சேகரிக்கும் சகோதரிகளே, மழைக்காலப் பாசியையும் வெயில்காலப் பாசியையும் ஒரே சாக்கில் கலக்காதீர்கள். பறித்த மாதத்தைச் சாக்கில் எழுதி வையுங்கள். மீண்டும் தழைக்க அடித்தண்டை விட்டுவிட்டுப் பறியுங்கள்.