142-ஆம் எண் பஸ்

கிறிஸ்டோபர் மெக்கான்ட்லஸ்னு ஒரு அமெரிக்கப் பையன். 1990-ல பட்டம் வாங்கினான். சேமிப்பு ஏறக்குறைய 24,000 டாலரைத் தருமத்துக்குக் கொடுத்துட்டு, வீட்டுக்குச் சொல்லாமலே கிளம்பிட்டான். வாழ்க்கைன்னா என்னன்னு தேடறானாம்! 1992 ஏப்ரல்ல அலாஸ்கா காட்டுக்குள்ள போனான். கையில துப்பாக்கி, ஒரு பை அரிசி, நிறையப் புத்தகம். நல்ல வரைபடம் மட்டும் இல்லை.

அங்கே கைவிட்டுப்போன பழைய பஸ் ஒண்ணு. அதுதான் வீடு. ஜூலையில ஊர் திரும்பப் பார்த்தான். வரும்போது சுலபமா இறங்கிக் கடந்த டெக்லானிகா ஆறு, இப்போ கரைபுரண்டு ஓடுது. பஸ்ஸுக்கே திரும்பினான். கொஞ்சம் கீழே போயிருந்தா, ஆத்தைத் தாண்ட கம்பியில தொங்குற கூடை இருந்திருக்கு. அது அவனுக்குத் தெரியாது. ஆகஸ்ட்ல பட்டினியால செத்துப்போனான். வயசு 24.

பரிதாபப்படுறதா, கோபப்படுறதா? எனக்கு ரெண்டும் வருது.

இவன் கதை புத்தகமாவும் சினிமாவாவும் வந்ததும் பஸ்ஸைப் பார்க்க இளைஞர்கள் கிளம்பிட்டாங்க. அதே ஆத்துல 2010-ல ஒருத்தர், 2019-ல ஒருத்தர் உயிரை விட்டாங்க. 2020-ல அரசாங்கம் ஹெலிகாப்டர்ல பஸ்ஸையே தூக்கிட்டு வந்துடுச்சு. இப்போ அது ஃபேர்பேங்க்ஸ் நகர அருங்காட்சியகத்தோட பொறுப்புல இருக்கு.